சிலிக்கான் பள்ளத்தாக்கின் அடிநீர்

கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா மாவட்டத்தில் 23 சூப்பர்ஃபண்ட் இடங்கள் உள்ளன. அமெரிக்காவில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை இல்லை. நச்சுக் கழிவால் கெட்டுப்போன நிலங்களில் மிக மோசமானவற்றைப் பட்டியலிட்டு, முடிந்தவரை கெடுத்தவர் செலவிலேயே துப்புரவு செய்ய வைப்பதற்காக 1980 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின் வழக்குப் பெயர்தான் சூப்பர்ஃபண்ட். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உருக்காலைகளும் மண்டிய மாவட்டங்களையெல்லாம் தள்ளிவிட்டு இந்த மாவட்டம் முன்னால் நிற்பதற்குக் காரணம் கணினிச் சில்லு. இன்னும் குறிப்பாகச் சொன்னால், சில்லைக் கழுவிய திரவங்கள்.

இவற்றுள் முக்கியமான சிலவற்றை லைட் ரயிலிலேயே சுற்றி வரலாம். சான் ஹோசே நகரின் தெற்குக் கோடியில் சாந்தா தெரேசா நிலையம். அங்கே நீலத் தடத்தில் ஏறி, வடக்கே பேபாயின்டில் ஆரஞ்சுத் தடத்துக்கு மாறினால், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் மவுண்டன் வியூ வந்துவிடும். பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரும் பொதுவாக இதே திசையில்தான், தெற்கிலிருந்து வடக்கே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை நோக்கி நகர்கிறது. ரயிலுக்கு இரண்டு மணி நேரம், தண்ணீருக்கு நூற்றாண்டுகள்.

எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்று வேதியியல் நூல்கள் குறிப்பிடும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை இந்தத் திரவங்கள். அறை வெப்பத்திலேயே காற்றில் கலந்துவிடும் கரிமப் பொருள்கள் எல்லாம் இதில் அடங்கும். பெட்ரோலில் இருக்கும் பென்சீனும் டொலுயீனும் உண்டு. குடிநீரில் குளோரின் கலக்கும்போது, நீரில் ஊறிய இலைமக்கோடு சேர்ந்து உண்டாகும் குளோரோஃபார்மும் உண்டு. ஆனால் நிலத்தடி நீரைப் பொறுத்தவரை தீராத தொல்லை குளோரின் ஏறிய கரைப்பான்கள்தாம். டிரைகுளோரோஎத்திலீன் (சுருக்கமாக டிசிஇ), உலர்சலவைக் கடைகளில் புழங்கும் பெர்குளோரோஎத்திலீன், டிரைகுளோரோஈத்தேன் (டிசிஏ) ஆகிய மூன்றும் அவற்றில் பெயர் பெற்றவை. பெட்ரோல் சிந்தினால் நீரின்மேல் மிதக்கும். காற்றோட்டம் கிடைத்தால் மண்ணின் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். குளோரின் கரைப்பான்கள் மிதப்பதில்லை. டிசிஇ-யின் அடர்த்தி தண்ணீரைப்போல ஒன்றரை மடங்கு. அது மூழ்கும். காற்றுள்ள இடத்தில் வாழும் சாதாரண நுண்ணுயிர்களுக்கு அது உணவும் ஆகாது.

கரைப்பான் என்று பெயரிருந்தாலும் தண்ணீரில் இது அதிகம் கரைவதில்லை. ஒரு லிட்டர் நீரில் சுமார் 1.1 கிராம், அவ்வளவுதான். வேதியியலாளர் இதைக் ‘கரையாத பொருள்’ என்று ஒதுக்கிவிடலாம். குடிநீர்ப் பொறியாளருக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்காவில் குடிநீரில் டிசிஇ-க்கு உள்ள சட்ட வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கரைய முடிந்த மட்டும் கரைந்த ஒரு லிட்டர் நீர், இரண்டு லட்சம் லிட்டர் நல்ல நீரை வரம்புக்கு மேலே கொண்டுபோகும். திரவமாகவே ஒரு லிட்டர் சிந்தினால் கணக்கு 29 கோடி லிட்டர். கரைந்து தீரும் அளவுக்குக் கரையாது, ஆனால் கெடுக்கும் அளவுக்குக் கரையும். இந்தப் பொருளின் குணக்கேட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல வழியில்லை.

சாந்தா தெரேசா நிலையத்தைச் சுற்றிக் கோடையில் காய்ந்து பொன்னிறமாகிவிட்ட புல்மேடுகள், இடையிடையே ஓக் மரங்கள், அகன்ற சாலைகள், ஒரே அச்சில் வார்த்த வீடுகள். அருகிலேயே பெர்னல் சாலை. ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனத்தின் சில்லு ஆலை ஒன்று இந்தச் சாலையில் இயங்கியது. 1981 இறுதியில், ஆலை வளாகத்தில் புதைத்திருந்த கழிவுத் தொட்டி ஒன்று கசிந்திருப்பது தெரியவந்தது. கசிந்தவற்றில் முதன்மையானது டிசிஏ. அக்கம்பக்கத்துக்குத் தண்ணீர் வழங்கிய கிரேட் ஓக்ஸ் நிறுவனத்தின் கிணறு ஒன்றில் அது ஏற்கெனவே சேர்ந்திருந்தது. கிணறு மூடப்பட்டது, 1982 ஜனவரியில் செய்தி வெளியே வந்தது. லாஸ் பசேயோஸ் குடியிருப்பின் தாய்மார்கள் தெருத்தெருவாகக் கணக்கெடுத்தார்கள். கருச்சிதைவும் பிறவிக் குறைபாடும் எதிர்பார்த்ததைவிட அங்கே அதிகம் என்று 1985-இல் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆய்வும் சொன்னது. ஆனால் அதற்குக் காரணம் அந்தக் கிணற்று நீர்தான் என்று நிறுவ முடியவில்லை. யார் எந்த மாதம் எந்தக் கிணற்றின் நீரை எவ்வளவு குடித்தார் என்று பின்னோக்கிக் கணக்கிடுவது நடக்கிற காரியமில்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆலை நின்ற நிலத்தில் இப்போது கடைத்தெரு வளாகம்.

நச்சுத் திரவத்தை ஏன் மண்ணுக்குள் புதைத்தார்கள் என்ற கேள்வி எழும். தீயணைப்புத் துறையின் நோக்கில் அது சரியான இடம். தீப்பற்றும் திரவம் தரைக்குமேல் நிற்பதைவிடக் கீழே கிடப்பது பாதுகாப்பு. பார்வைக்கும் வளாகம் துப்புரவாக இருக்கும். புல்வெளி, ஒற்றை மாடிக் கட்டடம், புகையில்லாக் கூரை என்று பல்கலைக்கழக வளாகம் மாதிரி தோற்றமளித்த தொழில் இது. ‘சுத்தமான தொழில்’ என்று நகராட்சிகள் போட்டியிட்டு வரவேற்றன. டிசிஏ-யைத் தேர்ந்தெடுத்ததிலும் நல்லெண்ணம் இருந்தது. டிசிஇ புகைமூட்டத்துக்குத் துணைபோகிறது என்று 1966-இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் அதன் ஆவியைக் கட்டுப்படுத்தியபோது, மாற்றாக முன்னுக்கு வந்தது டிசிஏ. பின்னால் அதுவும் ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று தெரிந்து, மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்கீழ் 1996-இல் வளர்ந்த நாடுகளில் உற்பத்தி நின்றது. காற்றுக்காக ஒன்றை மாற்றி, நீரில் மாட்டிக்கொண்டு, மறுபடி காற்றுக்காக அதையும் கைவிட்ட கதை. கரைப்பான்களின் வரலாறு நெடுகிலும் இந்த மாதிரிதான் போகிறது.

பெர்னல் சாலைச் செய்தி வெளியானபோது குடிநீரில் டிசிஏ எவ்வளவு இருக்கலாம் என்பதற்குக் கூட்டாட்சி வரம்பே கிடையாது. டிசிஏ, டிசிஇ, பென்சீன், வினைல் குளோரைடு முதலிய எட்டுச் சேர்மங்களுக்கு முதன்முதலாக வரம்பு வகுத்தது 1987-இல். 1974-க்கு முன்னால் தேடவும் அவ்வளவாக வழியில்லை. நீருக்குள் மந்த வாயுவைக் குமிழ்விட்டு, வெளியேறும் ஆவியை ஒரு குழாயில் பிடித்து, சூடாக்கி, வாயு நிறப்பிரிகைக் கருவிக்குள் செலுத்தும் முறையைச் சின்சினாட்டியிலிருந்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் ஆய்வாளர்கள் பெல்லரும் லிச்டென்பெர்க்கும் 1974-இல் வெளியிட்டார்கள். நூறு கோடியில் ஒரு பங்கைக் கண்டுபிடிக்கும் கண் அதன் பிறகுதான் கிடைத்தது. கிணறுகள் திடீரென்று கெட்டுப்போகவில்லை, திடீரென்று தெரிந்தது.

நீர் மாதிரி எடுக்கும் வேலை பார்ப்பதற்கு எளியது, செய்வதற்குப் பொறுமை வேண்டும். நடைபாதையில் பதித்த வட்ட இரும்பு மூடியைத் திருகிக் கழற்றினால் இரண்டு அங்குலப் பிளாஸ்டிக் குழாய் தெரியும். அதுதான் கண்காணிப்புக் கிணறு. சிறு பம்பை இறக்கி, நீர் கலங்காதபடி மெதுவாக இறைப்பார்கள். வெப்பநிலை, அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் எல்லாம் ஒரே நிலைக்கு வரும்வரை இறைத்த நீர் வாளிக்குப் போகும். பிறகு 40 மில்லி கண்ணாடிக் குப்பி. உள்ளே சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் முன்பே இருக்கும், நுண்ணுயிர்கள் வேலைசெய்யாமல் தடுக்க. குப்பியைச் சாய்த்து, நீர் சலசலக்காமல் சுவரோடு வழியவிட்டு, விளிம்புக்குமேல் நீர் முட்டிக்கொண்டு நிற்கும்வரை நிரப்பி, டெஃப்லான் அடைப்புள்ள மூடியைத் திருக வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டுவார்கள். ஒரு குமிழி மேலே ஓடினாலும் அந்தக் குப்பி செல்லாது. தேடி வந்த பொருள் அந்தக் குமிழிக்குள் குடிபெயர்ந்துவிடும். ஆய்வகத்தில் மூடியைத் திறந்ததும் பறந்துவிடும். மாதிரியைக் கெடுக்கும் இந்தக் குணத்தை வைத்துத்தான், கொஞ்ச தூரம் வடக்கே, துப்புரவுப் பணியில் பெரும்பகுதி நடக்கிறது.

ரயில் 85-ஆம், 87-ஆம் நெடுஞ்சாலைகளின் நட்டநடுவே ஓடி நகரின் மையத்துக்குள் நுழைகிறது. முதல் தெருவிலும் இரண்டாம் தெருவிலும் நடப்பவர்களுக்குச் சமமாக ஊர்ந்து போகும்போது, இந்தத் தெருக்கள் ஒரு காலத்தில் இப்போதைவிட ஏறக்குறைய 13 அடி உயரத்தில் இருந்தவை என்பது நினைவுக்கு வந்தால் வியப்பாக இருக்கும். பிளம், ஆப்ரிகாட், செர்ரித் தோப்புகளுக்காக இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இறைத்த நீருக்கு ஈடாகத் தரையே அமுங்கிப்போயிற்று. வெளியிலிருந்து கால்வாய் வழியே நீர் கொண்டுவந்து நிலத்தடியை ஊட்டிய பிறகே, 1970 வாக்கில், இறக்கம் நின்றது. விரிகுடாக் கரையில் இருக்கும் அல்விசோ என்ற பழைய துறைமுகச் சிற்றூர் இன்றும் கடல் மட்டத்துக்குக் கீழேதான் கிடக்கிறது.

தோப்புகள் போய் ஆலைகள் வந்தபோது, தோப்புக் கிணறுகள் போகவில்லை. கட்டடங்களுக்கும் வாகன நிறுத்தங்களுக்கும் அடியில் பல புதைந்தன. எங்கே இருக்கின்றன என்று பலவற்றுக்கு வரைபடமும் இல்லை. பள்ளத்தாக்கின் வடபகுதியில் மேல்மட்ட நீருக்கும் ஆழத்து நீருக்கும் இடையே தடித்த களிமண் அடுக்கு ஒன்று விரிந்திருக்கிறது. குடிநீர் எடுக்கும் ஆழத்து நீர்த்தாங்கியைப் பெருமளவு காப்பாற்றியது அதுதான். தெற்கே, பெர்னல் சாலைப் பக்கம், அந்தக் காப்பு அவ்வளவு உறுதியில்லை. மேலே சிந்தியது கீழே இறங்கிற்று. வடக்கிலும் கைவிட்ட பழைய கிணற்றுக் குழாய் ஒன்று களிமண்ணைத் துளைத்துக்கொண்டு நின்றால் போதும், காப்பு அந்த இடத்தில் ஓட்டையாகிவிடும். ஆகவே துப்புரவு வேலையின் முதற்படி பல இடங்களில் வேதியியல் அல்ல. பழைய பத்திரங்களையும் வான்வழிப் படங்களையும் வைத்துக்கொண்டு கிணறு தேடி, சிமென்ட் கலவையால் அடைப்பதுதான்.

நகர மையம் தாண்டி வடக்கு முதல் தெருவில் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசை கட்டுகின்றன. தரைக்கு அடியில் நடப்பதைப் புரிந்துகொள்ள இங்கே ஒரு நிறுத்தம் தேவை. ஈரமணலில் சிந்திய டிசிஇ தாளாகப் பரவுவதில்லை. விரல் விரலாகக் கீழிறங்கும். வழியெங்கும் மணல் இடுக்குகளில் துளித்துளியாகத் தங்கிவிடும். களிமண் படலம் குறுக்கிட்டால் அதன்மேல் குட்டையாகத் தேங்கி, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும். நிலத்தடி நீர் வடக்கே போகையில் இது களிமண்ணின் சரிவைப் பார்த்துத் தெற்கேயும் போகலாம். ஜெர்மானிய நீரியலாளர் ஃபிரீட்ரிஷ் ஷ்வில்லே கண்ணாடித் தொட்டிகளில் மணலை நிரப்பி இதைக் கண்முன் காட்டினார். அவர் நூல் 1988-இல் ஆங்கிலத்தில் வந்தபிறகுதான் பொறியாளர்கள் பலருக்குத் தாங்கள் எதிர்கொள்வது என்னவென்று விளங்கிற்று. தேங்கிய குட்டையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நீரோட்டத்தோடு போவதுதான் மாசுப் படலம். இன்னொரு பங்கு களிமண்ணுக்குள்ளேயே ஊறுகிறது. மணலைக் கழுவி முடித்தாலும், பத்தாண்டுகளாக ஊறியதைக் களிமண் மறுபடி பல பத்தாண்டுகளுக்குக் கக்கிக்கொண்டிருக்கும்.

துப்புரவின் புள்ளிவிவர வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உருவம் இருப்பது இதனால்தான். இறைக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் செறிவு செங்குத்தாகச் சரியும். பிறகு கோடு படுத்துவிடும். பம்பை நிறுத்தினால் மெல்ல எழும். இறைப்பதால் மாசுப் படலம் பரவாமல் நிற்கிறது என்பது உண்மை; நிலம் சுத்தமாகிவிடும் என்று 1980-களில் கொடுத்த வாக்குறுதிதான் பலிக்கவில்லை.

இறைத்த நீரைச் சுத்தம் செய்வதோ, சொல்லப்போனால், சுலபம். பேபாயின்டில் மாறி ஆரஞ்சுத் தடத்தில் மேற்கே திரும்பினால், விளையாட்டரங்கையும் ராணுவத் தளவாட நிறுவனங்களையும் தாண்டி, மாஃபெட் விமானத்தளப் பக்கம் வரும். இந்தப் பகுதியில் அங்கங்கே வேலிக்குள் குழாய்களும் தொட்டிகளும் சூழ ஒரு கோபுரமோ எஃகுப் பெட்டியோ இரைச்சலோடு ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் காற்றால் உரித்தெடுக்கும் கலம். கோபுரத்துக்குள் உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் வளையங்களைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள். மேலிருந்து தண்ணீர் வளையங்களின்மேல் மெல்லிய படலமாக வழியும். கீழிருந்து மின்விசிறி காற்றை ஏற்றும். சோடா பாட்டிலைத் திறந்ததும் வாயு பொங்கி வெளியேறுவது போலவே, சுத்தமான காற்றைக் கண்டதும் டிசிஇ நீரைவிட்டு வெளியேறுகிறது. மூடிய குப்பியில் பாதி நீரும் பாதி காற்றுமாக இருந்தால், சாதாரண வெப்பத்தில் காற்றில் சேரும் டிசிஇ-யின் செறிவு நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு பங்கு நீருக்குப் பல பத்துப் பங்கு காற்றைச் செலுத்தினால் 99 விழுக்காட்டுக்கும் மேல் போய்விடும். இதற்கு நுட்பமான வேதிப்பொருள் எதுவும் வேண்டாம். நடைமுறைத் தொந்தரவுகள் வேறு: நீரின் சுண்ணாம்பும் இரும்பும் வளையங்களில் படிந்து காற்று வழியை அடைத்துக்கொள்ளும், அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். நீர் குளிர்ந்திருந்தால் ஆவியாதல் மந்தப்படும்.

உரித்தெடுத்த ஆவி எங்கே போகிறது? தொடக்கத்தில் பல ஊர்களில் அது அப்படியே வானத்துக்குப் போயிற்று. நீர் மாசு காற்று மாசாகியது என்பதைத் தவிர அதில் சாதனை எதுவுமில்லை. இன்று கோபுரத்தின் வாயில் பெரும்பாலும் ஆக்டிவேட்டட் கார்பன் தொட்டி ஒன்று பொருத்தப்படுகிறது. சில இடங்களில் கோபுரமே இல்லாமல் நீரையே நேராகக் கார்பனில் விடுவதும் உண்டு. ஒரு கிராம் கார்பனுக்குள் நுண்துளைகளின் பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு இருக்கும். நிலக்கரியிலிருந்து செய்ததைவிடத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்ததில் மிகச்சிறு துளைகள் அதிகம். டிசிஇ போன்ற சிறு மூலக்கூறுகளைப் பிடிக்க அது பொருத்தம். உலகச் சந்தைக்கு அத்தகைய கார்பனை அனுப்பும் இடங்களில் காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரமும் இலங்கையும் அடக்கம். இதற்கான சிரட்டைக் கரியைக் குழிகளில் சுட்டுத் தண்ணீர் ஊற்றி அணைக்கும் இடங்களில் கிணற்று நீர் கறுத்துப்போகிறது என்று கொங்குநாட்டு விவசாயிகள் நெடுநாளாக மனுக்கொடுத்து வருகிறார்கள். கலிபோர்னியாவின் நிலத்தடி நீரைத் துடைக்கும் பொருளுக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது. எந்தத் துப்புரவு அறிக்கையிலும் அது கணக்கில் எழுதப்படுவதில்லை.

கார்பனுக்கோ காற்றுக்கோ அடங்காத சேர்மங்கள் உண்டு. வினைல் குளோரைடு காற்றுக்கு உடனே போய்விடும், ஆனால் கார்பனில் ஒட்டாது. டிசிஏ-யில் கெடாமல் இருக்கச் சேர்த்த 1,4-டையாக்சேன் நேர்மாறு: தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும், காற்றுக்குப் போகாது, கார்பனிலும் சரியாகத் தங்காது. கோபுரம் வழியே வெறுமனே வழிந்து வெளியேறும். பெட்ரோலில் சேர்த்த எம்டிபிஇ-யும் ஏறக்குறைய இதே சாதிதான். 1996-இல் சாந்தா மோனிகா நகரம் தன் குடிநீரில் ஏறக்குறைய பாதியைத் தந்த கிணறுகளை மூட நேர்ந்தது அதனால். இத்தகையவற்றை இடம்மாற்ற முடியாது, உடைத்தாக வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடைக் கலந்து புறஊதா ஒளி பாய்ச்சினால் பிறக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் எதிர்ப்படும் கரிமப் பொருளையெல்லாம் பிய்த்து எறிகின்றன. மின்சாரச் செலவு அதிகம். நீரில் பைகார்பனேட் போன்றவை இருந்தால் தலைவலியும் கூடுதல்.

தண்ணீரை வெளியே எடுக்காமல் உள்ளேயே மருந்திடும் முயற்சிகளில் முதன்மையானவை இரண்டுக்கு இந்தத் தடத்திலேயே முகவரி உண்டு. சன்னிவேலில் பழைய சில்லு ஆலை ஒன்றின் மனையில், 1994–95 குளிர்காலத்தில் நீரோட்டத்துக்குக் குறுக்கே அகழி வெட்டி இரும்புத் துருவலைக் கொட்டினார்கள். வணிக முறையில் உலகிலேயே முதன்முதலாக முழு அளவில் நிறுவிய இரும்புச் சுவர் அது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கில்லாம் கண்ட வழி: இரும்பு துருப்பிடிக்கும்போது எலெக்ட்ரான்களைத் தருகிறது, கரைப்பானிலிருந்து குளோரின் கழன்று உப்பாகிறது, மிஞ்சுவது எத்திலீன், ஈத்தேன். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை, தொட்டி இல்லை. நீர் தானே நடந்துவந்து சுவரைத் தாண்டிப் போகிறது. துப்புரவுத் தொழில்நுட்பங்களில் இவ்வளவு நேர்த்தியானது வேறில்லை என்றே சொல்லலாம். ஆனால் சுவர் தன்னிடம் வரும் நீரைத்தான் சுத்தம் செய்யும்; நீரோட்டத்தின் மேல்பக்கம் கிடக்கும் குட்டையை அது தொடுவதில்லை.

இரண்டாவது மாஃபெட் தளம். பேஷோர்/நாசா நிலையத்தில் இறங்கினால் எதிரே ஹேங்கர் ஒன்று, 1930-களில் கடற்படையின் ‘மேக்கன்’ வான்கப்பலுக்காகக் கட்டிய மாபெரும் கொட்டகை. அதன் மேற்பூச்சிலும் நஞ்சு இருந்ததால் தோலை உரித்துவிட்டு, எலும்புக்கூட்டை வைத்துப் பல ஆண்டு விட்டிருந்தார்கள். இந்தத் தளத்தின் மணலில் 1980-களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டின் பெரி மெக்கார்ட்டி குழுவினர் மீத்தேனும் ஆக்சிஜனும் கரைத்த நீரைச் செலுத்திப் பார்த்தார்கள். மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாவின் நொதி, உணவென்று தவறாகக் கருதி டிசிஇ-யையும் கொஞ்சம் கடித்து வைத்தது. பலன் உண்டு, பெரிதில்லை. காற்றே இல்லாத இடத்தில் வாழ்ந்து, குளோரினைக் கழற்றுவதையே பிழைப்பாகக் கொண்ட பாக்டீரியா ஒன்று 1997-இல் நியூயார்க் மாநிலம் இத்தாகாவின் சாக்கடைக் கசடிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அந்த இனத்துக்குப் பின்னால் மெக்கார்ட்டியின் பெயரையே சூட்டினார்கள்: டீஹாலோகாக்காய்டஸ் மெக்கார்ட்டியை. தாவர எண்ணெய், லாக்டேட், வெல்லப்பாகு என்று எதையாவது நிலத்துக்குள் செலுத்தி ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால் இது செழிக்கும். பெர்குளோரோஎத்திலீனிலிருந்து டிசிஇ, அதிலிருந்து டைகுளோரோஎத்திலீன், அதிலிருந்து வினைல் குளோரைடு, கடைசியில் எத்திலீன் என்று படிப்படியாக இறக்கும். வினைல் குளோரைடில் நின்றுபோனால் ஆபத்து. அது முதற்பொருளைவிடக் கொடிய புற்றுநோய்க் காரணி. கலிபோர்னியாவில் அதன் வரம்பு லிட்டருக்கு அரை மைக்ரோகிராம்தான். சரியான பாக்டீரியா இல்லாத மண்ணில் வெல்லப்பாகு மட்டும் ஊற்றுவது, வேலையை அரைகுறையாக விட்டு மோசமானதை உண்டாக்கும் வழி.

அடுத்த நிலையங்கள் மிடில்ஃபீல்ட், விஸ்மன். இரண்டுக்கும் இடையேயும் சுற்றிலும் இருப்பது மிடில்ஃபீல்ட்–எல்லிஸ்–விஸ்மன் என்று தெருப்பெயர்களாலேயே அறியப்படும் சூப்பர்ஃபண்ட் பகுதி. ஃபேர்சைல்டு, இன்டெல், ரேதியான் முதலிய நிறுவனங்கள் 1960-களிலும் 70-களிலும் சில்லு செய்த இடம். டிசிஇ படலம் இங்கிருந்து 101-ஆம் நெடுஞ்சாலையைக் கடந்து மாஃபெட் தளத்துக்குள் ஒன்றரை மைல் நீண்டிருக்கிறது. மண்ணுக்குள் களிமண் குழம்பால் சுவர் எழுப்பி மூலங்களைச் சுற்றி வளைத்தது, மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சியது, நீரை இறைத்தது என்று 1989-இல் எடுத்த முடிவின்படி வேலை நடந்துவருகிறது. மவுண்டன் வியூக்காரர்கள் இந்த நீரைக் குடிப்பதில்லை. அவர்களுக்குக் குழாயில் வருவதில் பெரும்பங்கு சியெரா மலையின் ஹெட்ச் ஹெட்சி நீர். குடிக்காத நீரைப் பற்றிக் கவலை எதற்கு என்று நீண்டகாலம் நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆவியாகும் பொருள் ஆவியாகும் என்பதை எல்லாருமே மறந்திருந்தார்கள். மேல்மட்ட நீரிலிருந்து டிசிஇ மண்ணின் இடுக்குகள் வழியே ஏறி, தரைத்தளத்தின் விரிசல்களிலும் குழாய்த் துளைகளிலும் புகுந்து அறைக்குள் வருகிறது. கோபுரத்தில் பொறியாளர் வேண்டிச் செய்யும் அதே வேலை, வீட்டுக்கு அடியில் வேண்டாமலே நடக்கிறது. 2010-இல் திட்டத்தைத் திருத்தி உட்புறக் காற்றுக்கும் வரம்பு வைத்தார்கள்: குடியிருப்பில் கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம், அலுவலகத்தில் 5. ஆலைகள் போய் மென்பொருள் நிறுவனங்கள் குடிவந்திருந்த காலம் அது. 2013-இல் கூகுளின் அலுவலகக் கட்டடங்களிலேயே வரம்பு மீறியது செய்தியாயிற்று. 2011-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும், அடுத்த ஆண்டு பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் டிசிஇ மனிதருக்குப் புற்றுநோய் தருவதென்று உறுதிசெய்திருந்தன. கருவிலிருக்கும் குழந்தையின் இதயத்தைக் குறுகிய காலத் தொடர்பே பாதிக்கலாம் என்ற ஐயம் சேர்ந்ததும் நடவடிக்கை வேகமெடுத்தது. பரிகாரம் எளியதுதான். தரைக்கு அடியில் துளையிட்ட குழாய்களைப் பதித்து, சிறு விசிறியால் உறிஞ்சிக் கூரைக்குமேல் விடுவது. புது வீடுகளுக்கு அடித்தளத்தோடு தடித்த நெகிழித்தாள் விரிப்பது. இந்தத் தெருக்களில் பெருந்தொகைக்கு விற்கும் புதுக் குடியிருப்புகளின் சுவரோரமாகக் கூரை வரை ஏறும் வெள்ளைக் குழாய்க்கு இதுதான் வேலை.

டிசிஇ தயாரிப்பையே தடைசெய்யும் விதியை 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது. வழக்குகளில் சிக்கி அதன் சில பகுதிகள் தள்ளிப்போயின. தரைக்கு அடியில் ஏற்கெனவே இருப்பதற்கு அந்த விதி பொருந்தாது. இறைக்கும் பணி தொடர்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு நடக்கிறது.

நிறைந்துபோன கார்பனை லாரியில் ஏற்றுவார்கள். மவுண்டன் வியூவின் கார்பனைப் பின்தொடர்ந்து 2014-இல் எழுதிய இதழாளர்கள், அது அரிசோனாவில் பார்க்கர் ஊர்ப்பக்கம், கொலராடோ ஆற்றுப் பழங்குடியினர் நிலத்தில் உள்ள உலைக்குப் போவதைக் காட்டினார்கள். அத்தகைய உலைகளில் 800 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், நீராவி சூழ, துளைகளில் அடைந்திருந்த கரைப்பான் வெளியேறுகிறது. அந்த ஆவியை இன்னொரு எரிகலத்தில் முழுதாக எரிக்க வேண்டும். அரைகுறையாக எரிந்தால் டையாக்சின் உண்டாகும். கரி, கரியமில வாயுவாகிறது. குளோரின், ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி, காரநீரில் கழுவப்பட்டு உப்பாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கார்பனில் ஒரு சிறு பங்கு சாம்பலாகவும் தூளாகவும் போகும். அந்தக் குறைக்குப் புதுக் கார்பன் சேர்த்து, மறுபடி தொட்டிகளுக்கு அனுப்புகிறார்கள்.